கடன் அடைத்த பின்னும் கெட்டுக் கிடக்கும் பெயர்

"கடனத்தான் அடைச்சாச்சேப்பா, பெறகு எதுக்குப் பேரு கெட்டுக் கெடக்கு?" என்று கேட்டார் என் சித்தி.

2023 ஜூன் மாதம். திருச்சுழி பக்கத்தில் உள்ள எங்கள் காலனியில், சித்தி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். அன்று காலையில்தான் அருப்புக்கோட்டையில் ஒரு வங்கி, தம்பியின் வீட்டுக் கடன் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தது. மேலாளர் மரியாதையாகவே பேசினார். "தம்பி, சம்பளம் போதும், வேலையும் நிரந்தரம். ஆனா சிபில் 561 காட்டுது. எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார். "என்ன செஞ்சா சரியாகும் சார்?" என்று கேட்டதற்கு, "ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தம்பி, சித்தியின் மூத்த மகன். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பொறியியல் படித்துவிட்டு நூற்பாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறார். குடியிருப்பது அரசு கட்டிக்கொடுத்த பழைய தொகுப்பு வீடு. மேற்கூரையில் காரை உதிர்ந்து கம்பி தெரிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டியிருக்கும். அந்த இடத்தில் ஒரு நல்ல வீடு கட்டத்தான் கடன் கேட்டார்.

கடனை அடைத்ததும் உண்மை, பெயர் கெட்டுக் கிடந்ததும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்குச் சில மாதங்கள் ஆயின. அதைச் சரிசெய்ய இரண்டரை ஆண்டுகள் ஆயின. நம் பகுதியில் இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கும் என்பதால் இந்த வாரம் அதை எழுதுகிறேன்.

ஒரு கடிதம் மறைத்த செய்தி

தம்பி 2012-ல் கல்விக் கடனாக 2.40 லட்சம் ரூபாய் வாங்கினார். 2016-ல் படிப்பு முடிந்தது. சென்னையில் கிடைத்த வேலையில் மாதம் 8,000 ரூபாய் சம்பளம். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிற்று. தவணை நின்றது, வட்டி ஏறியது. 2019-ல் வங்கி ஒரு சமரச முகாமுக்கு அழைத்தது. வட்டியோடு 3 லட்சத்தைத் தாண்டிவிட்ட கடனுக்கு, 1.60 லட்சம் கட்டினால் போதும் என்றார்கள். சித்தி தோட்டை அடகு வைத்தார். ஆடுகளை விற்றார். கட்டி முடித்ததும் வங்கி ஒரு கடிதம் கொடுத்தது. அதைப் பட்டாவோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்தார்.

அந்தக் கடிதத்தில் இல்லாத ஒரு செய்தி சிபில் அறிக்கையில் இருந்தது. கடன் கணக்கின் நிலை என்ற இடத்தில் 'செட்டில்டு' என்று போட்டிருந்தார்கள். நாம் அதை 'தீர்ந்தது' என்று படிப்போம். வங்கி அதை வேறு மாதிரி படிக்கிறது: 'முழுத் தொகையும் வரவில்லை, மீதியை விட்டுக்கொடுத்துக் கணக்கை முடித்தோம்' என்பது அதன் பொருள். முழுவதும் கட்டி முடித்த கடனுக்கு 'க்ளோஸ்டு' என்று போடுவார்கள். வங்கி நம்பிக்கை இழந்து கணக்கிலிருந்து கழித்த கடனுக்கு 'ரிட்டன் ஆஃப்' என்று வரும். அடுத்த முறை கடன் கேட்டுப் போகும்போது இந்த ஒரு சொல்தான் நமக்கு முன்னால் போய் நிற்கிறது.

முகாமில் யாரும் இதைத் தம்பிக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு அவரிடம் வேறு வழி இருந்திருக்காது. ஆனால் பின்னால் வீடு கட்டும் எண்ணம் உள்ளவர் என்ன இழக்கிறார் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டிருப்பார்.

யார் எழுதுகிறார்கள் இந்தக் கணக்கை?

சிபில் என்று நாம் சொல்வது 2000-ம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் பெயர். இன்று அது டிரான்ஸ்யூனியன் சிபில். அதோடு ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்று மொத்தம் நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இந்தத் தொழிலைச் செய்கின்றன. 2005-ம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் இவற்றைக் கட்டுப்படுத்துகிறது. வங்கிகள், நிதி நிறுவனங்கள், குழுக் கடன் கொடுக்கும் சிறுகடன் நிறுவனங்கள் எல்லாம் நம் கடன் கணக்கை இவற்றுக்கு அனுப்புகின்றன. அதை வைத்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். பொதுவாக 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் தயங்குவதில்லை. 600-க்குக் கீழே போனால் கதவு ஏறக்குறைய சாத்திக்கொள்கிறது.

வங்கிக் கதவு சாத்திக்கொண்டால் வேறு கதவுகள் திறக்கும். அவற்றின் விலையைப் பார்க்க வேண்டும். விண்ணப்பம் திரும்பிய வாரத்திலேயே ஒரு தரகர் தம்பியைத் தேடி வந்தார். "சிபில் பாக்க மாட்டாங்கண்ணே, 14 சதவீதம்தான்" என்றார். கணக்குப் போட்டோம். 8 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு 8.5 சதவீத வட்டியில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 6,940 ரூபாய். அதே கடன் 14 சதவீதத்தில் என்றால் சுமார் 9,950 ரூபாய். மாதம் 3,000 ரூபாய் வித்தியாசம். 240 மாதங்களுக்கு 7.2 லட்சம். ஒரு வீட்டுக்குக் கடன் வாங்கி, கிட்டத்தட்ட இன்னொரு வீட்டின் பணத்தை வட்டியாகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஊருக்குள் கிடைக்கும் 'மூணு வட்டி'யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம்.

அரசு மானியமும் இந்தக் கதவைத் தாண்டித்தான் வருகிறது. அருப்புக்கோட்டை போன்ற நகராட்சிப் பகுதியில், ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ள, சொந்தமாகக் கான்கிரீட் வீடு இல்லாத குடும்பங்களுக்குப் பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியமாக 1.80 லட்சம் ரூபாய் வரை உண்டு. அதைப் பெற முதலில் வீட்டுக் கடன் கிடைத்திருக்க வேண்டும். தாட்கோ வழியாகத் தொழில் தொடங்க வரும் மானியமும் வங்கிக் கடனோடு பிணைந்ததுதான். கிராமத்தில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அதுவும் வேலை முடிய முடியப் படிப்படியாக வருகிறது. இடையில் செங்கலுக்கும் கம்பிக்கும் கொத்தனார் கூலிக்கும் கைக்காசு வேண்டும். அதற்கு எங்கே போவது என்பதை முடிவு செய்வதும் இந்த மதிப்பெண்தான்.

நம் பக்கத்தில் பெயர் கெடும் வழிகள்

சிபில் அறிக்கையில் சாதிக்கென்று ஒரு கட்டம் இல்லை. ஆனால் அந்த மதிப்பெண் எங்கிருந்து உருவாகிறது என்று பார்த்தால், நம் காலனிகளின் கதை அதற்குள் இருக்கிறது.

முதலாவது கல்விக் கடன். நிலமுள்ள வீட்டில் நிலத்தை விற்றோ ஒத்திக்கு வைத்தோ பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். அது எந்த அறிக்கையிலும் ஏறாது. நிலமில்லாத வீட்டில் வங்கிக் கடன்தான் வழி. அதில் தகப்பனும் கையெழுத்துப் போட வேண்டும். படித்த பிள்ளைக்கு வேலை தாமதமானால் இருவர் பெயரும் சேர்ந்து கெடுகிறது. 2016 ஜூலையில் மதுரையில் கல்விக் கடன் வசூல் நெருக்கடியில் ஒரு பொறியியல் இளைஞர் உயிரை மாய்த்துக்கொண்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கடன் வரலாறு சரியில்லை என்று ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்த பாரத ஸ்டேட் வங்கியின் முடிவு சரியே என்று தீர்ப்பளித்தது. கடனை அடைக்க வேலை வேண்டும், வேலைக்குப் போகக் கடன் வரலாறு வேண்டும் என்ற இடத்தில் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

இரண்டாவது ஜாமீன் கையெழுத்து. மச்சான் வண்டி வாங்குகிறார், பெரியப்பா மகன் கடை போடுகிறார். மாதச் சம்பளக்காரர் தெருவில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். எல்லாக் கையெழுத்தும் அவர்களிடமே வரும். அங்கே தவணை நின்றால் ஜாமீன்தாரரின் அறிக்கையிலும் அது வந்துவிடும்.

மூன்றாவது வாரத் தவணைக் குழுக் கடன். நம் பெண்களில் பலர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்களில் வாங்கியிருக்கிறார்கள். குழுவாக வாங்கினாலும் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக அறிக்கையில் ஏறுகிறது. ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கும்போது எல்லாம் ஒன்றாகத் தெரியும். அரசு கடன் தள்ளுபடி அறிவிக்கும்போதெல்லாம் இதுவும் தள்ளுபடியாகும் என்று சிலர் கட்டாமல் இருந்துவிடுகிறார்கள். கூட்டுறவு சங்கக் கடன் தள்ளுபடி, தனியார் நிறுவனக் கடனைத் தொடாது.

நான்காவது நம் வானம். திருச்சுழி, நரிக்குடி, பரளச்சி, பந்தல்குடி எல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிக் காடு. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் தை, மாசியில்தான் காசாகும். களை எடுப்பு, கதிர் அறுப்பு இருக்கும் மாதத்தில் கூலி உண்டு. மற்ற மாதங்களில் கரிமூட்ட வேலை, நூறு நாள் வேலை, வெளியூர். வருமானம் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சேர்ந்து வருகிறது. தவணை மாதம் தவறாமல், வாரம் தவறாமல் கேட்கிறது. அறிக்கையில் தாமதமான நாட்களை எண்ணிப் போட ஒரு கட்டம் இருக்கிறது. மழை பெய்யாததைப் போட ஒரு கட்டம் இல்லை.

சிவப்புக் கோடு

இது நமக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 1930-களில் அமெரிக்காவில் வீட்டுக் கடனுக்காக அரசு நிறுவனமே நகரங்களின் வரைபடம் தயாரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, அவை ஆபத்தான பகுதிகள் என்று வகைப்படுத்தியது. அந்தத் தெருக்காரர்களுக்கு வீட்டுக் கடன் எட்டாக்கனி ஆயிற்று. 1968-ல் நியாயமான வீட்டுவசதிச் சட்டமும், 1974-ல் கடனில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டமும் வந்தன. அதற்குள் ஒரு தலைமுறை வாடகை வீட்டிலேயே முடிந்துவிட்டது. சொந்த வீடு இல்லாததால் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கச் சொத்தும் இல்லை.

அந்த வரைபடம் தெருவைப் பார்த்து ஆளை ஒதுக்கியது. சிபில் அறிக்கை தனி ஆளைப் பார்க்கிறது. இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. அந்த வரைபடத்தை அந்தத் தெருக்காரர்கள் திருத்த முடியாது. நம் அறிக்கையை நாம் கேட்டு வாங்கலாம், தவறு இருந்தால் திருத்தலாம், கெட்டதை மெல்ல மெல்லச் சரிசெய்யலாம். இதற்கெல்லாம் சட்டமும் விதியும் இருக்கின்றன. தெரியாததுதான் குறை.

தம்பி செய்தவை

முதல் வேலையாக, கடன் மறுக்கப்பட்டதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டார். எந்தக் கடனாக இருந்தாலும் விண்ணப்பத்தை நிராகரித்தால் அதன் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வாயால் சொல்வதோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

அடுத்து, அவருடைய அறிக்கையையும் மனைவியின் அறிக்கையையும் எடுத்தோம். வீட்டுக் கடனில் மனைவியும் சேர்ந்து விண்ணப்பிப்பதால் இருவரையும் பார்ப்பார்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 ஜனவரி முதல் இந்த விதி இருக்கிறது. பான் அட்டையும் கைபேசி எண்ணும் இருந்தால் அவர்களுடைய இணையதளத்திலேயே எடுக்கலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. பத்து வங்கிகளில் அடுத்தடுத்து விண்ணப்பித்து, பத்து வங்கியும் பார்த்தால்தான் குறையும்.

அறிக்கையை வரி வரியாகப் படித்தோம். மனைவியின் அறிக்கையில் ஒரு குழுக் கடனில் மூன்று தவணை பாக்கி என்று இருந்தது. வசூலுக்கு வந்தவர் பணம் வாங்கி அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் அந்தப் பணம் கணக்கில் ஏறவில்லை. அட்டையின் நகலோடு நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் புகார் அனுப்பினோம். பல முறை அலைந்தபின் திருத்தினார்கள். இப்போது இது இன்னும் எளிது. புகாரை 30 நாளில் முடிக்காவிட்டால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அப்படியும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வாரத் தவணை அட்டையைக் கடன் முடிந்ததும் கிழித்துப் போடாதீர்கள். எங்களுக்குச் சாட்சியாக நின்றது அந்த அட்டை ஒன்றுதான்.

தம்பியின் 'செட்டில்டு' தவறான பதிவு இல்லை. அதைப் புகார் செய்து நீக்க முடியாது. பழைய வங்கிக் கிளைக்குப் போய், விட்டுக்கொடுத்த தொகையைக் கட்டினால் நிலையை மாற்றித் தருவீர்களா என்று கேட்டோம். இரண்டு மூன்று முறை போனபின், அசலில் குறைந்த 80,000 ரூபாயைக் கட்டினால் பாக்கியில்லாச் சான்று கொடுத்து 'க்ளோஸ்டு' என்று மாற்றுவதாகச் சொன்னார்கள். எல்லா வங்கியும் இதற்கு ஒப்புக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அதனால் கட்டும் முன்பே அந்த வாக்கை எழுத்தில் வாங்கினோம். தீபாவளி போனஸும் சீட்டுப் பணமும் சேர்த்து 2024 ஆகஸ்டில் கட்டி முடித்தார். சான்று கிடைத்தது. அறிக்கையில் சொல் மாறியது.

அதோடு மதிப்பெண் ஏறிவிடவில்லை. பழைய தாமதங்கள் அறிக்கையில் சில ஆண்டுகள் இருக்கும். அதன்மேல் புதிய நல்ல வரலாறு சேர வேண்டும். தம்பி வங்கியில் ஒரு சிறிய நகைக் கடன் வாங்கி, தவணையாகத் தவறாமல் கட்டினார். வைப்புத்தொகை ஒன்றை ஈடாக வைத்து ஒரு கடன் அட்டை வாங்கினார். அதன் வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாமல், மாதாமாதம் முழுவதும் கட்டினார். தவணை எடுக்கும் தேதியைச் சம்பளம் வரும் தேதிக்குப் பிறகு மாற்றி வைத்தார். இரண்டு தவணைப் பணத்தை எப்போதும் கணக்கில் தொடாமல் வைத்திருந்தார். புதிய ஜாமீன் கையெழுத்து எதுவும் போடவில்லை. இந்தக் கடைசி வேலைதான் எல்லாவற்றிலும் கடினம். ஒரு மாமா இன்றுவரை பேசுவதில்லை.

கூலி வேலை செய்பவர்களும் இதில் பாதியைச் செய்யலாம். அறுவடைக் காசு வரும் மாதத்தில் இரண்டு மூன்று தவணைக்கான பணத்தை முன்கூட்டியே கணக்கில் போட்டு வைப்பது, ஒரு கடனை முடிக்காமல் அடுத்ததைத் தொடாமல் இருப்பது, ஒவ்வொரு கடன் முடியும்போதும் பாக்கியில்லாச் சான்று வாங்குவது. இதுவரை கடனே வாங்காதவர்கள் பயப்பட வேண்டாம். கடன் வரலாறு இல்லை என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி முதல்முறை கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்பது வங்கிகளுக்கு உள்ள அறிவுறுத்தல். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலும் ஒன்றிய நிதித்துறை இதை உறுதிப்படுத்தியது. பிள்ளைகளின் படிப்புக்குக் கடன் கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி: குறைந்த சிபில் மதிப்பெண்ணைக் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது.

'ஒரே மாதத்தில் சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்' என்று சுவரொட்டி ஒட்டுபவர்களிடம் போகாதீர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்த யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. பான் அட்டையையும் கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணையும் அவர்களிடம் கொடுத்தால், நாம் வாங்காத கடன் நம் பெயரில் வந்து நிற்கும்.

மதிப்பெண்ணுக்குப் பிறகு பட்டா

மதிப்பெண் மட்டும் வீட்டுக் கடன் வாங்கித் தராது. இடத்தின் ஆவணமும் வேண்டும். எங்கள் காலனி நிலம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் 1978-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்டது. தாத்தா காலத்தில் பட்டாத் தாள் கொடுத்தார்கள். ஆனால் அது கிராமக் கணக்கில் ஏறவில்லை. கணினியில் தேடினால் எங்கள் மனை இல்லை. மனையே இல்லாத இடத்துக்கு எந்த வங்கி கடன் தரும்?

நல்லவேளையாகத் தம்பி இதை 2023 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டார். ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் அலுவலகம், நில அளவை, உட்பிரிவு, வாரிசுச் சான்று என்று அலைந்து சித்தி பெயரில் பட்டா கணக்கில் ஏற 19 மாதங்கள் ஆயின. மதிப்பெண் ஏறட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்திருந்தால் இன்னும் இரண்டு ஆண்டுகள் போயிருக்கும். இரண்டு வேலையையும் ஒன்றாகத் தொடங்குங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் அதற்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவர்கள் செய்ய வேண்டியது

இவ்வளவையும் ஒவ்வொரு குடும்பமும் தனியாகச் செய்ய வேண்டும் என்று விடுவது நியாயமில்லை. தம்பி படித்தவர், ஆங்கில அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர், மாதச் சம்பளக்காரர். அவருக்கே இரண்டரை ஆண்டுகள். கரிமூட்டத்தில் நிற்கும் ஒரு அண்ணனுக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும்?

மாவட்ட முன்னோடி வங்கி நினைத்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஒன்றியங்களின் காலனிகளில் முகாம் போட்டு, அங்கேயே அறிக்கையை எடுத்து, தமிழில் விளக்கிச் சொல்லலாம். சமரச முகாம் நடத்தும் வங்கிகள், 'செட்டில்டு' என்றால் என்ன என்பதைத் தமிழில் அச்சடித்து, கையெழுத்து வாங்கும் முன் கொடுக்கலாம். தாட்கோ, மானிய விண்ணப்பம் வாங்கும் நாளிலேயே மதிப்பெண்ணைச் சரிபார்த்து, குறைந்தவர்களுக்கு வழி சொல்லலாம். எங்கள் காலனியைப் போல எத்தனை காலனிகளின் பட்டா கணக்கில் ஏறாமல் கிடக்கிறது என்று வருவாய்த்துறை கணக்கெடுக்கலாம். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1923-ல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதினார். 1925-ல் நாணய விசாரணை ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். பணத்தின் கணக்கு நமக்கு எதற்கு என்று அவர் ஒதுங்கவில்லை. நம் பெயரில் எழுதப்படும் கணக்கையாவது நாம் படிக்க வேண்டும்.

2025 நவம்பரில் தம்பியின் மதிப்பெண் 731-ஐத் தொட்டது. தை மாதம் ஒரு வங்கி 8 லட்சம் ரூபாய் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. பழைய தொகுப்பு வீட்டை இடித்து வானம் தோண்டியிருக்கிறார்கள். சித்தி பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்கிறார். போன வாரம் போனபோது என்னிடம் கேட்டார்: "இந்தக் கடன அடைச்சாலும் கடைசியில அந்தச் சொல்லைப் போட்ருவாங்களாப்பா?"

"போட மாட்டாங்க சித்தி" என்றேன். முழுத் தவணையும் கட்டி முடித்தால் 'க்ளோஸ்டு' என்றுதான் வரும். கட்டி முடித்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் அது விதி. அன்றைக்கு அறிக்கையை ஒரு முறை எடுத்து, அந்தச் சொல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

சித்தி நம்பியது போலத் தெரியவில்லை. "அன்னைக்கு நான் இருக்கேனோ இல்லையோ, நீ பாத்துரு" என்று தம்பி மகளிடம் சொன்னார். அவள் நான்காம் வகுப்பு படிக்கிறாள்.